ஜல்லி மேல் கிடந்த கட்டை

2015 ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, தோட்டத்துப் படியில் மேலிருந்து மூன்றாவது கட்டை என் காலடியில் சற்றே உள்வாங்கியது. குனிந்து பார்த்தேன். மேல்முகம் கல்லைப் போல இருந்தது. மண்ணை ஒட்டிய பின்விளிம்போ பாலில் நனைத்த ரொட்டி மாதிரி விரலோடு பிய்ந்து வந்தது. "உங்கள் பேரன் காலத்துக்கும் வரும்" என்று சொல்லி விற்கப்பட்ட கட்டை அது. என் தோட்டத்தில் மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிவாக ஏறும். அந்தச் சரிவில் ஏழு படிகள், மண் சரியாமல் தாங்க இரண்டு குட்டைத் தடுப்புகள், ஒரு கீரைப் பாத்தி, உட்கார ஒரு பெஞ்சு. எல்லாவற்றையும் பழைய ரயில்வே சிலிப்பர் கட்டையிலேயே, அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடந்த கட்டையிலேயே செய்துவிடுவது என்று 2012-இல் முடிவு செய்தேன். கருங்கல் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் சின்ன வயதில் மீட்டர் கேஜ் ரயிலில் பழனிக்குப் போய் வந்தவனுக்கு அந்தக் கட்டையின் மேல் ஒரு மோகம். திண்டுக்கல்–பொள்ளாச்சிப் பாதையை அகலப்பாதை ஆக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பழைய மரக்கடையில் கட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் கணக்குப் பார்க்காமல் நாற்பது கட்டைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வாங்கும்போது சரியாகச் செய்த ஒரே காரியம், ரசீது கேட்டது. ரயில்வே தன் பழைய பொருள்களை ஏலத்தில்தான் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து தொடர்ச்சியாகக் கைமாறிய பொருள் என்று காட்ட உங்களிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருளோ என்று சந்தேகிக்கும்படியான ரயில்வே பொருளை வைத்திருப்பவர், அது நியாயமாக வந்ததுதான் என்று தானே நிரூபிக்க வேண்டும். மரக்கடைக்காரர் முகம் சுளித்தார், கொடுத்தார். ரசீது தர மாட்டேன் என்கிறவரிடம் கட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மீட்டர் கேஜ் கட்டை ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குல கனம். வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் இறுகிய நடுப்பகுதியில் அறுத்த கட்டை என்றால் ஒன்று முப்பத்தைந்து, நாற்பது கிலோ வரும். அகலப்பாதைக் கட்டை இதற்கு இரட்டிப்பு எடை. இரண்டு பேர் தூக்கினாலும் முதுகு பிடித்துக்கொள்ளும். தோட்ட வேலைக்கு மீட்டர் கேஜ் கட்டையே போதும்.

வந்து இறங்கிய நாற்பதில் இரண்டு சாதி இருந்ததை நான் கவனிக்கவில்லை. சில கட்டைகள் கரிய நிறத்தில், பக்கத்தில் போனாலே தார் மணத்தன. மற்றவை சாம்பல் நிறம், எந்த வாசனையும் இல்லை. நானோ எல்லாவற்றையும் ஒன்றாகவே அடுக்கி வைத்தேன். இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருக்கோடியில் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். படி உள்வாங்கிய அன்று அவரைத்தான் கூட்டி வந்து காட்டினேன். கையிலிருந்த குடை நுனியால் ஒவ்வொரு படியாகக் குத்திக்கொண்டே மேலே போனார், கீழே வந்தார்.

"தம்பி, ரயில்வேயில் நாங்கள் இதை எதன் மேல் போட்டிருந்தோம்?"

"தரையில்தானே, ஐயா?"

"ஜல்லி மேல். ஒரு மழை பெய்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

நான் போட்டிருந்தது தென்னை நார்க் கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் அதற்கா பஞ்சம்? மண் அரிக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் நார்க் கழிவையும் செம்மண்ணையும் கலந்து, காலால் மிதித்து இறுக்கியிருந்தேன். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. செடிக்கு அமிர்தம், கட்டைக்கு ஈரத் துணியைச் சுற்றி வைத்த கதை.

மரம் இற்றுப்போவது பூஞ்சையால். கட்டைக்குள் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் எதுவும் செய்ய முடியாது. நேர்மாறாக, முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் காற்று கிடைக்காமல் அது பிழைக்காது. கிணற்றின் அடியில் போடும் நெல்லிக் கட்டை காலங்காலமாகக் கிடப்பது அதனால்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடைப்பட்ட இடம்தான் ஆபத்து. வேலிக்காலைப் பிடுங்கிப் பாருங்கள்: மேலே உறுதியாக இருக்கும், அடி நுனியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் நைந்திருக்கும். என் படிகளில் அந்த ஒரு சாணைக் கட்டையின் முழு நீளத்துக்கும் நானே உண்டாக்கிக் கொடுத்திருந்தேன்.

கட்டையில் இன்னொரு பலவீனமும் இருந்தது. தண்டவாளம் உட்கார்ந்த இடத்தில் கட்டையின் முகத்தை வாய்ச்சியால் செதுக்கி, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் உள்பக்கம் சாய்வாக ஆக்கியிருப்பார்கள். தண்டவாளம் சற்று உள்நோக்கிச் சாய்ந்து நிற்பதற்காக. அந்தப் பள்ளத்திலேயே ஆணி பிடுங்கிய துளைகளும் இருக்கும். அழகாக இருக்கிறதென்று அந்த முகத்தை நான் மேலே வைத்துவிட்டேன். மழை பெய்தால் ஒவ்வொரு படியிலும் இரண்டு குட்டிக் குளங்கள். தண்ணீர் துளை வழியே கட்டையின் நடுவுக்கே இறங்கியிருக்கிறது. இற்றுப்போன கட்டையைப் பிளந்தபோது, துளையைச் சுற்றி மட்டும் உள்ளே கறுத்துக் கிடந்தது. ரயில்வேயில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருந்ததாம்: ஆணியை இடம் மாற்றி அடித்தால், பழைய துளையில் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறிய மர முளையை அடித்து அடைத்துவிடுவார்கள். "திறந்து விட்டால் மேஸ்திரி திட்டுவார்" என்றார் பெரியவர்.

கறுப்புக் கட்டைகளின் கதை வேறு.

அவை எங்கே பதப்படுத்தப்பட்டிருக்கும் என்று கேட்டபோது, பெரியவர் யோசிக்காமல் "ஒலவக்கோடு" என்றார். இன்றைய பாலக்காடு சந்திப்பு இருக்கும் இடம். நாட்டில் ரயில்வே கட்டைகளுக்குக் கிரியோசோட் ஏற்றும் நான்கு நிலையங்களில் தெற்கே இருந்தது அது ஒன்றுதான். இருள், சால் போன்ற மரங்களின் வைரம் தானாகவே தாங்கும். அவற்றை அப்படியே பாதையில் போட்டார்கள். தாங்காத மரங்களைத்தான் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, சூடான கிரியோசோட்டை அழுத்தத்தோடு ஏற்றினார்கள். 1838-இல் ஜான் பெத்தல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் அந்த எண்ணெய் அப்படித்தான் மரத்துக்குள் அங்குலக் கணக்கில் போயிற்று. நாம் வீட்டில் தூரிகையால் எதைப் பூசினாலும் நூல் கனத்துக்குத்தான் இறங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், கடையில் டப்பாவைக் காட்டிச் சொல்லும் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம்.

கறுப்புக் கட்டையை நான் அறுத்தது சித்திரை வெயிலில், அரைக்கைச் சட்டையோடு. மாலைக்குள் இரண்டு முன்கைகளும் மிளகாய் அரைத்துப் பூசியதைப் போல எரிந்தன. மறுநாள் தோல் உரிந்தது. கிரியோசோட் பட்ட தோலில் வெயிலும் பட்டால் பொசுங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டைகளில் நான்கைக் கீரைப் பாத்திக்குக் கரையாகப் போட்டேன். வெயில் ஏற ஏறக் கட்டையின் வெடிப்புகளில் கறுப்புத் துளிகள் கசிந்து, பாத்திக்குள் வழிந்தன. என் மனைவி ஒரு நாள் கீரை பறிக்கப் போனவர் வெறும் கூடையோடு திரும்பி வந்தார். "ஏனுங்க, இந்தக் கீரையை நீங்கள் தின்பீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிரியோசோட்டை '2ஏ' பிரிவில், அதாவது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 2003 முதல் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அது ஏற்றிய பழைய கட்டைகளையும் விளையாட்டுத் திடலிலும், அடிக்கடி தோல் படக்கூடிய தோட்டங்களிலும், பயிர் வளர்க்கும் தொட்டிகளிலும் போடக்கூடாது என்பது அங்கே விதி. நம் ஊரில் யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. நாமே தடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கறுப்புக் கட்டை பதினொன்றையும் பாத்தி, படி, பெஞ்சு எல்லாவற்றிலிருந்தும் எடுத்து, மாட்டுவண்டிப் பாதையின் ஓரத்தில் கரையாகப் போட்டுவிட்டேன். பாத்தியின் மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வாரி மாற்றினேன். மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்புக்கு என்று வேலையாள் ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. அதன் புகை அதன் எண்ணெயைவிட மோசம்.

வாங்கும்போதே எந்தச் சாதி என்று பார்த்துவிடலாம். பக்கவாட்டில் உளியால் ஒரு சிம்பு பெயர்த்து, உள்மரத்தை மோந்து பாருங்கள். மேலே வெளுத்துப்போன கட்டை உள்ளே தார் மணக்கலாம். சிம்பு வெறும் மர வாசனையோடு சிவந்தோ பழுப்பாகவோ இருந்தால் அது வைரக் கட்டை. தோட்டத்துக்கு வேண்டியது அதுதான். இரண்டு முனைகளையும் பாருங்கள். பிளக்காமல் இருக்க ரயில்வேக்காரர்கள் 'எஸ்' வடிவத் தகடு அடித்திருப்பார்கள். தகடு இறுக்கமாக இருந்தால் முனை நல்லது. கையால் ஆட்டினால் ஆடுகிறது என்றால் உள்ளே இற்றிருக்கிறது.

அறுப்பதைப் பற்றி ஆசாரியிடம் கேளுங்கள். அவர் உங்களை முறைப்பார். எங்கள் ஆசாரி முதல் கட்டையிலேயே முறிந்துபோன ஆணித் துண்டில் ரம்பத்தைக் கொடுத்துப் பற்கள் போயின. இரண்டாவது கட்டையில், வெடிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்த ஜல்லித் துண்டு. மூன்றாவதற்கு அவர் வரவில்லை. பிறகு ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, அறுக்கும் கோடு நெடுகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கம்பித் தூரிகையால் வெடிப்புகளைச் சுரண்டிக் கல்லை எடுத்தேன். அதன் பின் ரம்பம் பிழைத்தது. இன்னும் நல்லது, முடிந்தவரை அறுக்காமல் இருப்பது. படியின் அகலத்தை ஆறடிக்கு ஏற்ப வைத்துவிட்டால் அறுக்க வேண்டியதே இல்லை. அறுத்த முனை என்பது கட்டையின் திறந்த வாய். பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அது தண்ணீரைக் குடிக்கும்.

இனி, பூசுவது. இங்கே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தவன்.

வாகனப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஆயிலை இரண்டு கட்டைகளுக்குப் பூசினேன். காயவே இல்லை. புழுதி ஒட்டி, வேட்டியில் கறை படிந்து, மழை பெய்தால் பாதையில் வானவில் படலம் ஓடியது. அதில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. இருப்பது தேய்ந்த உலோகமும் கரியும்தான். கிணறு இருக்கும் தோட்டத்தில் செய்யவே கூடாத காரியம்.

பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்தேன். தீபாவளிக்குப் பளபளத்தது, அடுத்த ஆடிக்குள் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் இறங்கிய தண்ணீர் மற்ற இடங்களில் வெளியேற முடியாமல் படலத்துக்கு அடியில் தங்கியது. வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கும் கட்டைக்கு மேல் எந்தப் படலமும் நிலைக்காது.

ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து பூசியது பார்வைக்கு நன்றாக இருந்தது. ஈரக் காலத்தில் கரும்புள்ளி பூத்தது. ஆனால் முக்கியமானது அதுவல்ல. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் போட வேண்டும்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது பண்ருட்டிப் பக்கத்துச் சரக்கு: முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய். படகுக்கும் வீட்டு உத்தரத்துக்கும் அந்தக் காலத்திலிருந்தே பூசி வந்தது. கரையானுக்கு அதைக் கண்டால் ஆகாது. மெல்லிசாக இரண்டு கை பூசினால் ஒவ்வொரு கைக்கும் ஐந்தாறு நாள் காயப் பிடிக்கிறது. பிறகு இறுகிக் கரும்பழுப்பாகிவிடுகிறது. ஆனால் எச்சரிக்கை, சேராங்கொட்டையின் தாயாதி அது. கையுறை கிழிந்தது தெரியாமல் பூசிய எனக்கு விரலிடுக்கில் கொப்புளம் வந்து பத்து நாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். நன்றாகக் காயும்வரை யாரும் அதன் மேல் உட்காரக் கூடாது.

அழுத்த முறையில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றித் தருகிறோம் என்றும் ஒருவர் சொன்னார். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி கண்டுபிடித்து, உலகம் முழுக்கப் போன மருந்து அது. கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமைதான். இருந்தாலும் ஆர்செனிக் என்பதைக் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. அமெரிக்காவிலும் வீட்டு உபயோகத்துக்கு 2003 முடிவோடு கைவிட்டார்கள். மேலும், வைரக் கட்டைக்குள் எந்த மருந்தும் எளிதில் ஏறாது. அதன் கண்கள் அடைத்துக் கிடப்பதால்தான் அது வைரம்.

ஆகவே நான் மருந்து வைப்பது மூன்று இடங்களில் மட்டும்: அறுத்த முனை, ஆணித் துளை, கட்டையின் ஓரத்தில் எங்காவது மிஞ்சியிருக்கும் வெள்ளை மரம், அதாவது வைரம் ஏறாத வெளிப்பகுதி. கரையானும் பூஞ்சையும் முதலில் கை வைப்பது அந்த வெள்ளையில்தான். பத்து லிட்டர் வெந்நீரில் முந்நூறு கிராம் வெங்காரம் (போராக்ஸ்), இருநூறு கிராம் போரிக் அமிலம். மூங்கில் பதப்படுத்துகிறவர்கள் வைக்கும் அதே விகிதம். அரை டிரம்மில் ஊற்றி, கட்டையை நிமிர்த்தி முனையை இரண்டு நாள் ஊறவைத்தேன். பிறகு தலைகீழாக்கி மறுமுனை. துளைகளில் ஊசி போடும் சிரிஞ்சால் ஊற்றி ஊற்றி நிரப்பினேன். இரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, வேப்பமர முளையை அதே கரைசலில் ஊறவைத்துக் காயவைத்துத் துளையில் அடித்தேன். இதோடு விட்டால் வெங்காரம் அடுத்த மழையிலேயே கரைந்து போய்விடும். அதனால் முனைகளுக்கும் மண்ணைப் பார்க்கும் அடிமுகத்துக்கும் பிட்டுமன் இரண்டு கை, மற்ற முகங்களுக்கு முந்திரி எண்ணெய். மேல்முகத்து வெடிப்புகளை மக்கு வைத்து அடைக்கவில்லை. முன்பு அடைத்துப் பார்த்தேன். மக்கு ஒரு பக்கம் விட்டு, தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் நின்றதுதான் மிச்சம்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பூச்சுகளைவிட 2016 தை மாதத்தில் நான் இறக்கிய ஒரு லாரி ஜல்லிதான் அதிக வேலை செய்திருக்கிறது. படிகளை எல்லாம் பிடுங்கி, முக்கால் அடி தோண்டி, ஒன்றரை அங்குல ஜல்லியை நிரப்பி, அதன் மேல் கட்டையைச் செதுக்கிய முகம் கீழே பார்க்கும்படி வைத்தேன். பின்பக்கம் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு அதிலும் முக்கால் அங்குல ஜல்லி. அடியில் ஒரு பிவிசி குழாய் பக்கவாட்டு வாய்க்காலுக்குத் தண்ணீரைக் கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டையும் முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நகராமல் இருக்க இரண்டு துளை போட்டு, பன்னிரண்டு எம்எம் கம்பியை மூன்றடி நீளத்துக்குத் தரையில் இறக்கியிருக்கிறேன். பெஞ்சின் கால்கள் கருங்கல் துண்டின் மேல் நிற்கின்றன. கரையான் மண்ணிலிருந்துதான் வர வேண்டும். கல்லின் மேல் ஏறினால் அது கட்டும் மண்பூச்சு வெளியே தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். அதற்காக மண்ணில் பூச்சிமருந்து ஊற்றச் சொன்னவர்களுக்குக் கிணற்றைக் காட்டினேன்.

வருடத்துக்கு ஒரு நாள், மாசி கடைசியில், கட்டைகள் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு திருப்புளியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மண்மட்டத்திலும் முனையிலும் குத்திப் பார்ப்பேன். நுனி இறங்கினால் அந்த இடத்தைக் குறித்து வைப்பேன். ஜல்லிக்குள் உதிர்ந்த இலையும் மண்ணும் அடைத்திருந்தால் கொத்திச் சுத்தம் செய்வேன். அடைத்துப்போன ஜல்லியும் மண்ணும் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முந்திரி எண்ணெய் ஒரு கை. இற்றுப்போன அந்த மூன்றாவது கட்டைக்கு மாற்றாகப் போட்டதைச் சேர்த்து ஏழும் இன்று வரை நிற்கின்றன. தடுப்பில் ஒன்று போய்விட்டது. அதன் பின்னால் குழாய் அடைத்திருந்ததை நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கவனிக்கவில்லை.

போன மார்கழியில் பெரியவர் வந்திருந்தார். இப்போது குடை போய்க் கைத்தடி. மெதுவாக ஏறி, ஒவ்வொரு படியையும் வழக்கம்போலத் தட்டிப் பார்த்து, மேலே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். காப்பி குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

"பரவாயில்லை" என்றார் பிறகு. "ஆனால் இன்னும் ஒரு லாரி ஜல்லி அடித்திருக்கலாம், தம்பி."